48,000 பில்லுக்கு 40,000 கட்டியாச்சு, மீதி 8,000-க்கு எப்படிங்க 2,570 ரூபா வட்டி வரும்?

பனியன்_பையன் (திருப்பூர்):

வணக்கமுங்க. கிரெடிட் கார்டு கணக்கு தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் விளக்குங்க, நேத்துல இருந்து மண்டை காயுது.

கார்டு ஒரு தனியார் பேங்க்குது, பேரு வேண்டாம். மாசாமாசம் 5-ந்தேதி பில்லு போடுவாங்க, 25-ந்தேதி கட்ட கடைசி நாள். இத்தன நாளும் முழுசா கட்டீட்டுதான் வந்தேன், வட்டின்னு ஒரு ரூபா பாத்ததில்லீங்க. ஜூன் 8-ந்தேதி வாஷிங் மெஷின் வாங்குனது 32,000. ஜூன் 20-ல மளிகை, துணிமணின்னு 6,000. ஜூலை 1-ல பாப்பாவுக்கு ஸ்கூல் புக்கு, யூனிபார்ம், வேன் பீஸு எல்லாஞ் சேத்து 10,000. ஆக ஜூலை 5 பில்லு 48,000. அந்த மாசம் கம்பெனில ஆர்டர் டல்லு, சம்பளத்த இழுத்தடிச்சுப்போட்டாங்க, கையில 40,000-தான் இருந்துச்சு. சரி மினிமம் டியூ, அதாவது கொறஞ்சது இத்தன கட்டியே ஆகோணும்னு பில்லுல போடற தொகை, அத விட எத்தனையோ மடங்கு கட்டறோம், மீதி 8,000-க்கு மூணே முக்கால் வட்டி போட்டா 300 ரூபா ஆகும், போனா போகுதுன்னு ஜூலை 25-ந்தேதி 40,000 கட்டீட்டேன். அதுக்கப்புறம் ஜூலை 30-ல வண்டிக்கு டயரு, பேட்டரின்னு 5,000-க்கு தேச்சேன், அவ்வளவுதான்.

இப்ப ஆகஸ்ட் 5 பில்லு வந்திருக்குது. பைனான்ஸ் சார்ஜ் 2,570.55. அதுக்கு ஜிஎஸ்டி 462.70. பழைய 8,000, புதுசு 5,000 எல்லாஞ் சேத்து 16,033.25 கட்டோணுமாமா. லேட் பீ மட்டும் போடல. கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுனா "சார் அது சிஸ்டம் போடறது சார், சரியாத்தான் இருக்கும்"ங்கறாங்க, எப்படி வந்துச்சுன்னு கேட்டா அந்த பொண்ணுக்கும் தெரியல பாவம்.

300 வர்ற இடத்துல 3,033 வந்தா அது தப்புதானுங்களே? அப்பறம் ஆப்ல இந்த 16,033-ஐ இஎம்ஐ-யா மாத்திக்கோங்கன்னு ஓயாம காட்டீட்டே இருக்குது, மாத்தலாமா?


செல்லூர்_சேகர்:

அண்ணே இதுக்கு எங்க ஏரியா வட்டிக்காரரே தேவலண்ணே. அவரு கடுசா பேசுவாரு ஒத்துக்கிறேன், ஆனா திருப்பிக் குடுத்த காசுக்கு வட்டி கேக்க மாட்டாரு. இவய்ங்க கட்டுன 40,000-க்கும் சேத்துல்ல போட்டுருக்காய்ங்க போல.


கெடிலம்_கரை:

ப்ரோ, இது பேங்க் பண்ணது தப்பு. ஆர்பிஐ 2024 மார்ச்ல ரூல திருத்திட்டாங்க, கடைசி தேதிக்கு அப்புறம் எவ்வளவு பாக்கி நிக்குதோ அதுக்கு மேலதான் சார்ஜ் போடணும், மொத்த பில்லு மேல போடக்கூடாது. நேரா ஓம்புட்ஸ்மேன்ல (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ஆர்பிஐ அதிகாரி) கம்ப்ளைன்ட் போடுங்க, பணம் திரும்ப வந்துரும்.


வரவுசெலவு_தேன்:

தம்பி பனியன், பில்லு சரியாத்தான் இருக்கு, நான் போட்டுப் பாத்துட்டேன். கணக்கு கீழ இருக்கு. அதுக்கு முன்னாடி கெடிலம் சொன்னதுக்கு ஒரு வார்த்தை: அந்த ரூல் இருக்கறது நிஜம், ஆனா அது லேட் பீ, அது மாதிரி அபராதங்களுக்கு. மினிமம் கூட கட்டாம விட்டா போடற அபராதத்த மொத்த பில்லு மேல போடக்கூடாது, கடைசி தேதி தாண்டி நிக்கற பாக்கி மேல மட்டும் போடணும்னு சொன்னது. பனியனுக்கு லேட் பீயே வரல. வட்டிக்கு ஆர்பிஐ சொல்றது, கட்டின பணம், ரீபண்ட் எல்லாத்தையும் கழிச்சு மீதி நிக்கறதுக்கு போடுங்கன்னு. அத பேங்க்கெல்லாம் எப்படி செய்யறாங்கன்னா, பணம் வந்த நாள்ல இருந்து கழிக்கறாங்க. அதுக்கு முந்தின நாளெல்லாம் முழு தொகைக்கும் வட்டி ஓடியிருக்கும்.

இங்கதான் எல்லாரும் விழறது. கார்டு குடுக்கும்போது "50 நாள் வரைக்கும் வட்டி இல்ல"ன்னு சொல்றாங்கல்ல, அது சும்மா குடுக்கறது இல்ல தம்பி, பில்லுல இருக்கற மொத்தமும் கடைசி தேதிக்குள்ள வந்துட்டாதான் அது செல்லும். பாதி கட்டினா பாதி செல்லும், 80 சதவீதம் கட்டினா 80 சதவீதம் செல்லும்னு எதுவும் கிடையாது. முழுசா வரலையா, பேங்க் பின்னாடி திரும்பிப் போய் ஒவ்வொரு செலவையும் தேச்ச தேதியில இருந்து வட்டி போட்டு எடுத்துட்டு வரும். கார்டோட வர்ற கண்டிஷன் பேப்பர்ல, எம்ஐடிசின்னு பேரு, போன மாச பாக்கி ஏதாவது நின்னா வட்டியில்லா காலம் கிடையாதுன்னு எழுதி உதாரணக் கணக்கும் போட்டிருப்பாங்க. யாரும் படிக்கறதில்ல, எழுத்தும் எறும்பு சைஸ்ல இருக்கும்.

இப்ப உங்க கணக்கு. மாசம் 3.75-னா வருஷம் 45 சதவீதம். அத 365-ஆல வகுத்தா ஒரு லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 123 ரூபா 29 பைசா.

ஜூன் 8 முதல் 19 வரை, 12 நாள், நின்னது 32,000: வட்டி 473.42
ஜூன் 20 முதல் 30 வரை, 11 நாள், 38,000: 515.34
ஜூலை 1 முதல் 24 வரை, 24 நாள், 48,000: 1,420.27
ஜூலை 25 முதல் 29 வரை, 5 நாள், 8,000: 49.32
ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 5 வரை, 7 நாள், 13,000: 112.19

கூட்டினா 2,570.54. ஒரு பைசா ரவுண்டிங்ல போயிருக்கு. அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 462.70. கடன் வட்டிக்கு பொதுவா ஜிஎஸ்டி கிடையாது, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு, அதுவும் பல பேருக்கு தெரியாது. அதனால நம்ம ஊர்ப் பேச்சுல சொன்னா இது மூணே முக்கால் வட்டி இல்ல, கிட்டத்தட்ட நாலரை வட்டி.

மேல இருக்கற அஞ்சு வரியில முதல் மூணப் பாருங்க. 2,409 ரூபா அங்கயே வந்துருச்சு. அதெல்லாம் ஜூலை 25-க்கு முந்தின நாளுக்கானது. அன்னைக்கு யார்கிட்டயாவது 8,000 கைமாத்து வாங்கி முழுசா கட்டியிருந்தா அந்த 2,409 வந்தே இருக்காது. நீங்க விட்ட 8,000-க்கு மட்டும் தனியா பாத்தா 12 நாளைக்கு 118 ரூபாதான், நீங்க நினைச்ச 300 கூட இல்ல.


பனியன்_பையன்:

அக்கா ரொம்ப நன்றிங்க. அஞ்சு வரியப் பாத்ததுக்கு அப்பறம்தான் புரியுது. எரிச்சலாத்தான் இருக்குது, ஆனா புரியுது.

ஒண்ணு கேக்கறேன், 40,000 என்ற கையில ஜூலை 8-ந்தேதியே இருந்துச்சுங்க. எப்படியும் 25-ந்தேதி வரைக்கும் டைம் இருக்குல்ல, மீதியும் வந்தா சேத்து கட்டிக்கலாம்னு அக்கவுண்ட்லயே வச்சிருந்தேன். அதனால நட்டமுங்களா? அப்பறம் இந்த 16,033-க்கும் ஆகஸ்ட் 25 வரைக்கும் டைம் இருக்குதே, சம்பளம் வந்தவுடனே கட்டிக்கலாமா?


வரவுசெலவு_தேன்:

முழுசா கட்டப் போறீங்கன்னா கடைசி நாள் கட்டினாலும் ஒண்ணுதான். முழுசா கட்ட முடியாதுன்னு தெரிஞ்சுருச்சுன்னா ஒவ்வொரு நாளும் காசு. 40,000-ஐ 17 நாள் முன்னாடி கட்டியிருந்தா 838 ரூபா வட்டி குறைஞ்சிருக்கும், ஜிஎஸ்டி தனி. சேவிங்ஸ் அக்கவுண்ட்ல 17 நாளைக்கு 40,000-க்கு 60 ரூபா கூட வந்திருக்காது.

ஆகஸ்ட் 25-ங்கற தேதிய இப்ப மறந்துருங்க. அது லேட் பீ வராம இருக்கறதுக்கான தேதி மட்டும்தான். போன மாசம் பாக்கி வச்சுட்டதால இந்த மாசம் உங்களுக்கு வட்டியில்லா காலமே கிடையாது, ஜூலை 30-ல தேச்ச 5,000-க்கு அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சதப் பாத்தீங்கல்ல. இப்ப ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 ரூபா ஓடிட்டு இருக்கு. 8-ந்தேதி கட்டினா நாப்பது ரூபாயோட போச்சு, 25-ந்தேதி கட்டினா ஜிஎஸ்டியோட 400 பக்கம் வந்துரும். யார்கிட்டயாவது வாங்கியாவது முன்னாடியே கட்டுங்க.

கட்டி முடிக்கற வரைக்கும் அந்த கார்ட எடுக்காதீங்க. பெட்ரோலுக்கு 500 தேச்சாலும் அன்னைல இருந்து வட்டிதான். இன்னொண்ணு, 16,033.25-ஐயும் முழுசா கட்டினதுக்கு அப்புறமும் செப்டம்பர் 5 பில்லுல ஒரு சின்ன வட்டி வரும், ஆகஸ்ட் 6-ல இருந்து நீங்க கட்டின நாள் வரைக்கும் ஓடினது. முழுசா கட்டியும் ஏன் வட்டின்னு அப்ப இன்னொரு தடவ கஸ்டமர் கேர் பொண்ண திட்டாதீங்க. அத சில்லறைன்னு விடாம முழுசா கட்டினாத்தான் வட்டியில்லா காலம் திரும்ப ஒட்டும்.

இஎம்ஐ இந்த பில்லுக்கு வேண்டாம். இந்த மாசமே கட்ட முடியற தொகை, எதுக்கு பிராசஸிங் பீ வேற. ஆனா ஜூலைலயே கடைசி தேதிக்கு முன்னாடி அந்த 32,000 வாஷிங் மெஷின மட்டும் இஎம்ஐ-யா மாத்தியிருந்தா கதையே வேற. 16 சதவீதத்துல ஆறு மாசம்னு வச்சுக்கோங்க, மாசம் 5,585. ஆறு மாசத்துக்கும் சேத்து வட்டி 1,510, ஜிஎஸ்டி 272, பிராசஸிங் பீ தனி. மீதி 16,000-ஐயும் முதல் தவணையையும் கட்டி பில்ல முடிச்சிருக்கலாம், கையில இருந்த 40,000-ல மிச்சமும் இருந்திருக்கும்.


ஓஎம்ஆர்_ஒளி:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே மாதிரி ஒரு டவுட். நான் பாக்கியா ஒரு லட்சம் வச்சிருந்தேன் (கல்யாண செலவு, வேற என்ன), கார்ட சுத்தமா யூஸ் பண்றத நிறுத்திட்டேன், மாசாமாசம் ஒழுங்கா மினிமம் டியூ ஆட்டோமேட்டிக்கா போயிட்டு இருக்கு, ஒரு தடவ கூட மிஸ் பண்ணல, சிபில் ஸ்கோரும் (கடன ஒழுங்கா கட்டறோமான்னு போடற மார்க்) விழல. ஒரு வருஷம் ஆச்சு, இப்ப பாத்தா பாக்கி இன்னும் தொண்ணூறாயிரத்துக்கு மேல நிக்குது. நான் கட்டின காசெல்லாம் எங்கப்பா போச்சு?


செல்லூர்_சேகர்:

வட்டிக்குத்தான்யா போச்சு, வேற எங்க போகும்.


வரவுசெலவு_தேன்:

சேகர் ஒரே வரியில முடிச்சுட்டாரு, நான் நம்பர் மட்டும் சொல்றேன். உங்க கார்டுல மினிமம் டியூ மொத்த பாக்கியில 5 சதவீதம், வட்டி மாசம் 3.75-னு எடுத்துக்கறேன். முதல் மாசம் ஒரு லட்சத்துக்கு வட்டி 3,750, ஜிஎஸ்டி 675, ஆக 4,425. மினிமம் டியூ 5,221. அதுல 4,425 வட்டிக்கும் வரிக்கும் போயிருச்சு, அசல்ல கழிஞ்சது 796 ரூபா. அடுத்த மாசமும் இதே கதை. பன்னெண்டு மாசம் ஓட்டிப் பாத்தா நீங்க கட்டினது ஏறக்குறைய 60,000, அசல் குறைஞ்சது 9,150, இன்னும் நிக்கறது 90,850 பக்கம். நீங்க சொன்ன நம்பரோட ஒத்துப் போகுதா பாருங்க.

இதுல மோசம் என்னன்னா பாக்கி குறையக் குறைய மினிமம் டியூவும் குறைஞ்சுகிட்டே வரும், அதனால நமக்கு சுமை குறையற மாதிரி ஒரு நினைப்பு வரும். உண்மையில அது இழுத்துட்டே போகுது. மினிமம் மட்டும் கட்டினா கடன் அடைய மாசக்கணக்கா வருஷக்கணக்கா ஆகும், வட்டிக்கு வட்டியும் சேரும்னு எச்சரிக்கைய பேங்க் எழுதிக் குடுக்கணும்னே ஆர்பிஐ சொல்லியிருக்கு. மினிமம் டியூவ அசல் ஏறிட்டே போகாத அளவுக்காவது வைக்கணும்னும் ரூல். அந்த ரூலுக்குள்ளதான் உங்க 796.


ஓஎம்ஆர்_ஒளி:

60,000... கரெக்டா ஒத்துப் போகுது மேடம். வயித்தக் கலக்குது. சரி இதுல இருந்து எப்படி வெளிய வர்றது?


தாராபுரம்_தங்கம்:

தம்பி, வீட்டுல நகை இருக்குதுங்களா? இருந்தா யோசிக்கவே வேண்டாம். அரசு பேங்க்ல நகைக்கடன் வருஷத்துக்கு ஒம்போது பத்து சதவீதம் பக்கம் கிடைக்குது, வட்டிக்கு ஜிஎஸ்டியும் இல்ல. 90,000-க்கு மாசம் 750 ரூபா சொச்சம்தான் வட்டி. உங்க கார்டுல அதே 90,000-க்கு மாசம் 4,000. நான் ரெண்டு வளையலக் கொண்டு போய் வச்சு கார்ட அடைச்சேன், போனஸ் வந்தப்ப மீட்டுக்கிட்டேன். நகைய வைக்கறது கவுரவக் குறைச்சல்னு வீட்டுல சொன்னாங்க. மாசம் 3,000 வெட்டியா போறதுல மட்டும் என்ன கவுரவம் இருக்குதுன்னு கேட்டேன், பேச்சே இல்ல.


வரவுசெலவு_தேன்:

தங்கம் அக்கா சொன்னதுதான் முதல் வழி. நகை இல்லன்னா பர்சனல் லோன், அதுவும் இல்லன்னா அந்த பேங்க்லயே மொத்த பாக்கியையும் இஎம்ஐ-யா மாத்தறது. ஒரு லட்சத்துக்கு 16 சதவீதத்துல 12 மாசம் போட்டா மாசம் 9,073, மொத்த வட்டி 8,900-க்குள்ள, ஜிஎஸ்டி 1,600. நீங்க போன வருஷம் வட்டியும் வரியுமா குடுத்தது 50,000-க்கு மேல. அந்த அளவு வித்தியாசம். மாசத் தவணை 5,000-ல இருந்து 9,000-ஆ ஏறும், அதுதான் கஷ்டம், ஆனா பன்னெண்டாவது மாசம் பாக்கி பூஜ்யம். முடியலன்னா 18 மாசம், 24 மாசம்னு கேளுங்க. பர்சனல் லோன் வாங்கறதா இருந்தா முன்கூட்டி அடைச்சா என்ன சார்ஜ்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுக்கணும்.

ஒரு எச்சரிக்கை. நகைய வச்சு கார்ட அடைச்சுட்டு, லிமிட் காலியா இருக்கேன்னு மறுபடி தேச்சு, கடைசியில நகையும் பேங்க்ல கார்டும் புல்லுன்னு நின்னவங்கள எனக்கு தெரியும். அடைச்ச கையோட லிமிட்ட பாதியா குறைக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. இல்ல கார்டே வேண்டாம்னா மூடச் சொல்லுங்க, பாக்கி எதுவும் இல்லாம இருந்தா ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், அதுக்கு மேல இழுத்தா நாளுக்கு 500 ரூபா அவங்க உங்களுக்குத் தரணும்.


கெடிலம்_கரை:

தேன் மேடம், லேட் பீ ரூலையும் வட்டியையும் நான்தான் குழப்பிட்டேன் போல, விளக்கினதுக்கு நன்றி. ஒளி ப்ரோவுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன், "கார்டு டு கேஷ்", "ரொட்டேஷன்"னு போர்டு வச்ச கடைங்க இருக்கும், அவங்க பணத்தப் போட்டு உங்க பில்ல கட்டிட்டு, உடனே அதே கார்ட அவங்க மெஷின்ல தேச்சு எடுத்துப்பாங்க, மாசாமாசம் கமிஷன் வேற. பாக்கி அப்படியே நிக்கும். பேங்க் கண்டுபுடிச்சா கார்டையும் பிளாக் பண்ணிடுவாங்க. ஏடிஎம்ல கார்டு போட்டு கேஷ் எடுத்து கட்டறதும் வேண்டாம், அதுக்கு ஒரு நாள் கூட வட்டியில்லா காலம் கிடையாது, எடுக்கற நிமிஷமே தனியா பீயும் உண்டு.


செல்லூர்_சேகர்:

எல்லாம் சரி, நான் கேக்குறது வேற. கந்துவட்டிக்கு 2003-லயே நம்ம ஊர்ல சட்டம் போட்டாய்ங்க. வருஷத்துக்கு 45 சதவீதம்னா அதுவும் கந்துவட்டிதானய்யா? இதக் கேக்க ஆளே இல்லையா?


வக்கீல்_குமாஸ்தா:

கேட்டாங்க சார். தேசிய நுகர்வோர் கமிஷன் 2008 ஜூலைல ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, கிரெடிட் கார்டு பாக்கிக்கு வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல வட்டி போடறது முறையற்ற வணிகம்னு. பேங்க்குங்க எல்லாம் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்கு போனாங்க. பதினாறு வருஷம் கழிச்சு, 2024 டிசம்பர் 20-ல சுப்ரீம் கோர்ட் அந்த தீர்ப்ப ரத்து பண்ணிருச்சு. வட்டி எவ்வளவுங்கறது ஆர்பிஐ பாத்துக்க வேண்டிய விஷயம், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்ட ஒப்பந்தத்த கமிஷன் மாத்தி எழுத முடியாதுங்கற மாதிரி. ஆர்பிஐ இத்தன சதவீதத்துக்கு மேல போடக்கூடாதுன்னு நம்பர் எதுவும் வைக்கல, நியாயமா இருக்கணும்னு பொதுவா சொல்லி அந்தந்த பேங்க் போர்டு கையில விட்டிருக்காங்க. அதனால 45-ங்கறது இன்னைக்கு சட்டப்படி செல்லும். எனக்கு அது நியாயமாப் படல, அது வேற விஷயம்.

ஆனா கணக்கு தப்பா இருந்தா விடாதீங்க. கட்டாத பீ, ஜிஎஸ்டி இதையெல்லாம் அசல்ல சேத்து அதுக்கும் வட்டி போடக்கூடாதுன்னு 2022 அக்டோபர்ல இருந்து ரூல். பில்லுல அப்படி இருந்தா பேங்க்குக்கு எழுத்துல கேளுங்க, 30 நாள்ல பதில் வரல இல்ல வந்த பதில் சரியில்லன்னா ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைன்லயே போடலாம், பைசா செலவில்ல. பேங்க்க கேக்காம நேரா அங்க போனா எடுத்துக்க மாட்டாங்க. மெயில், கம்ப்ளைன்ட் நம்பர் எல்லாத்தையும் பத்திரமா வைங்க, போன்ல பேசினது கணக்குல வராது.

இன்னொண்ணு ஒளிக்கு. கஷ்டம்னு தெரிஞ்சா கலெக்‌ஷன் ஆளுங்க "பாதி கட்டுங்க செட்டில்மென்ட் பண்ணிக்கலாம்"னு இனிக்க இனிக்க பேசுவாங்க. அப்படி முடிச்சா சிபில்ல "செட்டில்டு"ன்னு விழும், நாளைக்கு வீட்டு லோனுக்கு போனா அதுதான் முதல்ல தெரியும். ஒழுங்கா கட்டிட்டு வர்ற உங்களுக்கு அது தேவையே இல்ல. காலை 8 மணிக்கு முன்னாடி, சாயங்காலம் 7-க்கு மேல அவங்க போன் பண்ணவும் கூடாது.


பனியன்_பையன்:

எல்லாருக்கும் நன்றிங்க. மச்சான்கிட்ட வாங்கி இன்னைக்கே 16,033.25-ஐ கட்டீட்டேன், பைசா கூட விடல. கார்ட பீரோவுல வச்சு பூட்டியாச்சு, சாவி சம்சாரத்துகிட்ட.

அந்த பொண்ணுகிட்டயே மறுபடி போன் பண்ணி, இத்தன வருஷமா முழுசா கட்டற ஆளு, முதல் தடவங்க, ஏதாச்சும் பாத்து குறைங்கன்னு கேட்டேன். ரெக்வெஸ்ட் போட்டிருக்குது. வருமுங்களா?


வரவுசெலவு_தேன்:

வரலாம், வராமலும் போகலாம். முதல் தடவைன்னா சில பேங்க்ல வட்டியில ஒரு பகுதிய திருப்பிப் போடுவாங்க, அது அவங்க இஷ்டம், உரிமையா கேக்க முடியாது. வந்தா கூடவே ஜிஎஸ்டியும் திரும்ப வந்திருக்கான்னு பாருங்க, அத மட்டும் மறந்துருவாங்க.


சேலத்து_மாம்பழம்:

அக்கா எனக்கும் ஒரு சந்தேகம். கடைசி தேதி மறந்துருமேன்னு ஆட்டோ டெபிட் போட்டு வச்சிருக்கேன், ஒவ்வொரு மாசமும் கரெக்டா பணம் எடுத்துக்கறாங்க, ஆனாலும் ரெண்டு மூணு மாசமா பில்லுல பைனான்ஸ் சார்ஜ்னு வருது. அக்கவுண்ட்ல பணம் இருக்கு. நான் லேட்டும் பண்ணல. அப்படியே ஒரு நாள் லேட்டானாலும் மூணு நாள் டைம் உண்டுன்னு சொல்றாங்களே?


வரவுசெலவு_தேன்:

அந்த மூணு நாள் லேட் பீக்கும் சிபிலுக்கு பாக்கின்னு ரிப்போர்ட் பண்றதுக்கும்தான், வட்டிக்கு கிடையாது. உங்க கேஸ்ல அது பிரச்சனையா தெரியல. ஆட்டோ டெபிட் போடும்போது "டோட்டல் அமவுண்ட் டியூ"வா "மினிமம் அமவுண்ட் டியூ"வான்னு ஒரு கேள்வி வரும், எதப் போட்டிருக்கீங்க? ஆப்ல ஆட்டோபேன்னு இருக்கற இடத்துல பாருங்க. கார்டு விக்க வந்த பையன் பாரத்த அவனே பூர்த்தி பண்ணியிருந்தா நிச்சயம் பாருங்க.


சேலத்து_மாம்பழம்:

பாத்துட்டேன்க்கா. மினிமம்னுதான் இருக்கு!! எடுத்த பணம் எவ்வளவுன்னு நான் கவனிக்கவே இல்ல, மெசேஜ் வந்துச்சு போயிருச்சுன்னு விட்டுட்டேன். இப்ப டோட்டல்னு மாத்திட்டேன். பில்லு 3-ந்தேதி போட்டாங்க, கடைசி தேதி 21. இந்த மாசமே எடுத்துப்பாங்களா?


வரவுசெலவு_தேன்:

பில்லு போட்டதுக்கு அப்புறம் மாத்தினா பெரும்பாலும் அடுத்த பில்லுல இருந்துதான் வேலை செய்யும். இந்த மாசம் மொத்தத்தையும் கையால இன்னைக்கே கட்டிருங்க, 21 வரைக்கும் வைக்காதீங்க. பழைய மினிமமும் 21-ந்தேதி ஒரு தடவ எடுத்துட்டா பயப்படாதீங்க, கார்டுல வரவா நிக்கும், அடுத்த பில்லுல கழிஞ்சுரும். செப்டம்பர் பில்லு வந்ததும் வட்டி வரியப் பாத்துட்டு இங்கயே எழுதுங்க.